எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

அன்புள்ள அருளுக்கு,

சொல்லிவிட்டேன். நேற்று நான் ரிட்டயர் ஆன நாள். ஆபீஸில் எனக்காக வாங்கி வைத்திருந்த கேக்கை வெட்டுவதற்கு முன்பே, முதலாளி அண்ணாச்சி முன்னால், மேரி முன்னால், மற்ற மூன்று பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பதினாலு மாதமாக நெஞ்சுக்குள் கிடந்தது வெளியே வந்ததும் எனக்கு நல்ல பசி எடுத்தது, கேட்டாயா? இரண்டு துண்டு கேக் தின்றேன். சர்க்கரை இருக்கிறவள் இரண்டு துண்டு தின்னலாமா என்று உன் அப்பா வீட்டுக்கு வந்ததும் சத்தம் போட்டார். போடட்டும். இவ்வளவு லேசாக நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்ததே கிடையாது.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. ஒரு பிரதி ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும், இன்னொன்று நம் தெருவில் இருக்கிற மற்ற கிளியரிங் ஆபீஸ்களுக்குப் போகும். அண்ணாச்சி சம்மதித்துவிட்டார். உனக்குக் கூச்சமாக இருக்கும், தெரியும். ஆனால் உன் மேல் பழியைப் போட்டது ஊர் கேட்கத்தானே? அதை எடுப்பதும் ஊர் கேட்கத்தான் இருக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன், பொறுத்துக்கொள். கல்யாணம் முடிந்து பதினைந்து நாள்தான் ஆகிறது, கோயம்புத்தூரில் புது வீட்டில் இப்போதுதான் பாத்திரங்களை அடுக்கியிருப்பீர்கள். ஷீபாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படி. மாமியாரின் லட்சணம் அவளுக்கும் தெரியட்டும்.

முதலில் என் விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டிலும் நான் முதல் வகுப்பு. எங்கள் மாஸ்டர், எழுத்துகள் எங்கள் கண்ணில் படாதபடி கீபோர்டின் மேல் ஒரு அட்டையைக் கவிழ்த்து வைத்திருப்பார். குனிந்து பார்த்தால் விரலில் ஸ்கேல் விழும். கண் எப்போதும் பக்கத்தில் வைத்த தாளில் இருக்க வேண்டும், விரல் தானாக ஓட வேண்டும். அந்தப் பழக்கத்தோடுதான் துறைமுகத்துக்குப் போகும் சரக்குகளுக்குப் பேப்பர் தயார் செய்யும் இந்த வேலைக்கு வந்தேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது எல்லோரும் மவுஸைப் பிடித்துக்கொண்டு திண்டாடினார்கள். நான் அதைத் தொடவே இல்லை. ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல்களின் பெயர் வரிசையாக வருகிற அந்த ஜன்னலில்கூட எனக்கு அம்புக்குறி பட்டன்களும் ஷிப்டும் போதும். என் பக்கத்து மேஜையில் மேரி கன்ட்ரோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஃபைலாகக் கிளிக் செய்து தேர்ந்தெடுப்பாள். பத்தொன்பதாவது ஃபைலில் விரல் வழுக்கி எல்லாம் கலைந்து போகும். "எக்கா, மறுபடியும் மொதல்ல இருந்தா!" என்று தலையில் அடித்துக்கொள்வாள். நான் சிரிப்பேன். சிரிப்பு என்ன சிரிப்பு, கொழுப்பு.

நீ மவுஸ்காரன். சின்ன வயதிலேயே அப்படித்தான். கோவிலில் நீ முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படங்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் அந்த ஃபோல்டரையே காணவில்லை. பெரியதாழையில் இருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் படம் பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள், இங்கே ஒன்றும் இல்லை. நீ படங்களைக் காட்டுகிறேன் என்று மவுஸை அழுத்தினபடி இழுத்திருக்கிறாய், அந்த ஃபோல்டர் போய்ப் பாட்டு ஃபோல்டருக்குள் விழுந்துவிட்டது. அது தெரிவதற்குள் எல்லோர் முன்னாலும் உன்னை அடித்துவிட்டேன். "பாக்காம கைய வைக்காதன்னு எத்தனை தடவ சொல்லுதேன்!" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். நீ அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நீயேதான் அதைத் தேடி எடுத்தாய். நான் மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை, நானும் ஆரம்பித்து வைக்கவில்லை. பார்க்காமல் கை வைக்காதே என்று சொன்ன அதே வாய்தான் இது.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். ஆபீஸில் ஐந்து கம்ப்யூட்டரும் பழசாகி, இனிமேல் அந்தச் சிஸ்டம் பாதுகாப்பில்லை என்று ஆனபோது, "என் மகன் சர்வீஸ் சென்டர் வச்சிருக்கான் அண்ணாச்சி, அவங்கிட்ட குடுங்க" என்று சிபாரிசு செய்தவள் நான்தான். நீ சனி, ஞாயிறு இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றிலும் புதுச் சிஸ்டம் போட்டாய். திங்கட்கிழமை வந்து எங்கள் ஒவ்வொருவரிடமும், "பழசு மாதிரியே இருக்கும், ஆனா சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, ஒரு வாரம் பாத்து மெதுவா பண்ணுங்க" என்று சொன்னாய். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை. மகன் சொல்கிற புத்தியை எந்தத் தாய் காதில் வாங்குகிறாள்?

புதன்கிழமை இருபத்திரண்டு கன்டெய்னர் நிலாவாரை இலை, மருந்துக்காக ஏற்றுமதியாகிற சரக்கு. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு டிராஃப்ட், ஒரு ஃபைனல். மொத்தம் நாற்பத்து நான்கு ஃபைல், டிராஃப்டும் ஃபைனலும் மாறி மாறி வரிசையாக நிற்கும். கப்பல் கம்பெனிக்கு அனுப்பும் முன் டிராஃப்டுகளை எல்லாம் அழித்துவிட்டு ஃபைனலை மட்டும் அனுப்ப வேண்டும். மேரியைப் போல் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்ய எனக்குப் பொறுமை கிடையாது. என் வழி வேறு. முதல் டிராஃப்டில் நின்று ஷிப்ட் டிலீட், என்டர், கீழ் அம்பு. பழைய சிஸ்டத்தில் ஒரு ஃபைலை அழித்ததும் நீலப் பட்டை தானாக அடுத்த ஃபைலுக்கு வந்து உட்காரும். அதாவது டிராஃப்டை அழித்தால் பட்டை ஃபைனலில் நிற்கும், கீழ் அம்பு அழுத்தினால் அடுத்த டிராஃப்டுக்குப் போகும். மறுபடி ஷிப்ட் டிலீட், என்டர், கீழ் அம்பு. ஜெபமாலை உருட்டுகிற மாதிரி இருபத்திரண்டு தடவை. கண் கையில் இருக்கிற கன்டெய்னர் லிஸ்டில் இருக்கும், வாய் எண்ணும், விரல் வேலை செய்யும். குப்பைக் கூடைக்குக்கூடப் போகாமல் ஒரேயடியாக அழிக்கத்தான் ஷிப்ட். பழைய கம்ப்யூட்டரில் இடம் போதாத காலத்தில் பழகியது, விடவில்லை.

புதுச் சிஸ்டத்தில் அப்படி இல்லை. ஒன்றை அழித்தால் பட்டை எதிலும் உட்காராது, காணாமல் போய்விடும். கீழ் அம்பு அழுத்தினால்தான் அடுத்த ஃபைலில் வந்து நிற்கும். அடுத்த ஃபைல் எது? முதல் கன்டெய்னரின் ஃபைனல். நான் அதை அழித்தேன். பிறகு இரண்டாவது டிராஃப்ட், இரண்டாவது ஃபைனல், மூன்றாவது டிராஃப்ட், மூன்றாவது ஃபைனல் என்று ஒன்று விடாமல் அழித்துக்கொண்டே போனேன். இருபத்திரண்டு எண்ணி முடித்து நிமிர்ந்து பார்த்தேன். கீழே மீதி இருபத்திரண்டு ஃபைல் என்று காட்டியது. நாற்பத்து நான்கில் இருபத்திரண்டு போனால் இருபத்திரண்டு. எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஒரு பெயரைக்கூடப் படிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன்.

மூன்றேகாலுக்குக் கப்பல் கம்பெனியில் இருந்து போன் வந்தது. "எக்கா, பன்னெண்டாவது கன்டெய்னர்ல இருந்து எல்லாம் ரெண்டு ரெண்டு பேப்பரா இருக்கு. மொத பதினொண்ணுக்கு ஒண்ணுமே இல்லையே. நாலு மணிக்கு மூடிருவோம், தெரியும்லா?" நாலு மணிக்குள் பேப்பர் போகாவிட்டால் பதினொரு கன்டெய்னரும் துறைமுகத்திலேயே நிற்கும், கப்பல் கிளம்பிவிடும். அண்ணாச்சி அறையை விட்டு ஓடி வந்தார். அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை குறைக்காமல்: "என் மவன் போட்ட சிஸ்டம் அண்ணாச்சி. பாதி ஃபைல அதுவே தின்னுட்டு."

போன் போட்ட பத்து நிமிடத்தில் நீ வண்டியில் வந்து சேர்ந்தாய். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மணிக்கொரு தடவை எல்லா ஃபைலையும் இன்னொரு டிஸ்கில் நகலெடுத்து வைக்கிற ஏற்பாட்டை நீ யாரிடமும் சொல்லாமல் செய்து வைத்திருந்தாய். அதிலிருந்து பதினொரு ஃபைனலும் வந்தது. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லாம் போய்ச் சேர்ந்தது. அந்த நகல் மட்டும் இல்லையென்றால் என் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். மூச்சு வந்த பிறகு நீ என் பக்கத்தில் குனிந்து, மெல்லக் கேட்டாய்.

"எம்மா, டிலீட் பண்ணும்போது ஸ்கிரீனப் பாத்தியளா?"

"முப்பது வருசமா பண்ணுதேன், நீ எனக்குச் சொல்லித் தாரியாலே?" என்று நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. கீபோர்டின் மேல் இருந்த என் விரல்களைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அப்புறம் நிமிர்ந்து, "என் தப்புதான் அண்ணாச்சி. ஒரு செட்டிங்க விட்டுட்டேன்" என்றாய். அண்ணாச்சி உன்னைத் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு கன்டெய்னர் லிஸ்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே எனக்கு உண்மை தெரியும். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் நீ அதே சிஸ்டம்தான் போட்டிருந்தாய். நீ வருவதற்குள் வெற்று ஃபைல்களைப் போட்டு, என் வழியில் அழித்துப் பார்த்தேன், இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு. பட்டை மறைவதையும், அடுத்து ஃபைனலில் வந்து நிற்பதையும், என் விரல் அதை அழிப்பதையும் பார்த்தேன். சிஸ்டம் எதையும் தின்னவில்லை. நான்தான் பதினொன்றையும் ஒவ்வொன்றாக அழித்து, அழிக்கட்டுமா என்று அது கேட்டபோதெல்லாம் என்டர் தட்டியிருக்கிறேன். நீ வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ வந்து, "சாப்ட்டியளாம்மா?" என்றாய். சாப்பாடு எடுத்து வைத்தேன். அவ்வளவுதான். சொல்லவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று பதினாலு மாதம் போனது. அதற்குள் என்னவெல்லாம் நடந்தது! அண்ணாச்சி உன்னை நிறுத்தினார். தெருவில் பேச்சுப் பரவி இன்னும் மூன்று ஆபீஸ் உன்னைக் கூப்பிடுவதை விட்டது. ஃபைலைத் தின்னுகிற சிஸ்டம் போடுகிறவன் என்று உனக்குப் பெயர். சென்டரை மூடினாய், கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டாய். "ஊரு மாறினா நல்லதுதாம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். பூசையில் உன் கல்யாண அறிவிப்பை, அதுதான் ஓலை, வாசித்த மூன்று ஞாயிறும் நான் கோவிலில் உட்கார்ந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் கேட்கிறபோதெல்லாம் என்னையே பார்த்துக் கேட்கிற மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு அதில் ஒரு தடையும் இல்லை, இருந்தாலும் வேர்த்துக் கொட்டியது. உன் அப்பா, "ஒனக்கு என்னளா, கல்யாணம் ஒனக்கா அவனுக்கா?" என்று விசிறிவிட்டார்.

ஆபீஸில் அன்றைக்கு அப்புறம் நான் டிராஃப்ட் அழிக்கும் வேலையைத் தொட்டதே இல்லை. கண் சரியில்லை என்று சொல்லி மேரியிடம் தள்ளிவிட்டேன். அவள் மவுஸால் ஒவ்வொன்றாகப் பெயரைப் பார்த்துப் பார்த்துக் கிளிக் செய்வாள், மெதுவாகத்தான் செய்வாள், ஒன்றுகூடத் தப்பாது. மவுஸ் பிடிக்கிறவர்கள் பார்த்தே ஆக வேண்டும், பார்க்காமல் அம்பைக் கொண்டு போய் வைக்க முடியாது. கீபோர்டுக்காரர்கள் பார்க்காமலே போகலாம், அதுதான் எங்கள் பெருமை. எங்கள் ஆபத்தும் அதுதான் என்று இவ்வளவு வயசுக்கு அப்புறம் தெரிந்துகொண்டேன்.

நேற்று அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "ரிட்டயர் ஆகுத அன்னைக்கு மவன் பேரக் காப்பாத்தப் பாக்குதிய. பெத்த மனசு, புரியுது. கேக்க வெட்டுங்கக்கா" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "செஞ்சே காட்டுதேன், வாங்க" என்று என் மேஜையில் உட்கார்ந்தேன். நாலு டிராஃப்ட், நாலு ஃபைனல், எட்டு வெற்று ஃபைல். எல்லோரும் என் தலைக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஷிப்ட் டிலீட், என்டர், கீழ் அம்பு. நாலு தடவை. ஸ்கிரீனைப் பார்த்தேன். டிராஃப்ட் நாலும் போயிருந்தது, ஃபைனல் நாலும் அப்படியே நின்றது.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மறுபடியும் எட்டு ஃபைல் போட்டேன். மறுபடியும் அதேதான். அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "பாருங்க, ஒங்க வெரலு சுத்தமாத்தான் இருக்கு. தப்பு அவனுதுதான்." எனக்கு அழுகையே வந்துவிட்டது, அருள். பதினாலு மாதம் கழித்து உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால் கம்ப்யூட்டரே எனக்குப் பரிந்துகொண்டு பொய் சொல்கிறதே என்று இருந்தது.

மேரிதான், "எக்கா, என்னோடதுல பண்ணிப் பாருங்களேன்" என்றாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். எட்டு ஃபைல், நாலு தடவை, அதே விரல், அதே வேகம். முதல் இரண்டு ஜோடி முழுசாகப் போயிருந்தது, மூன்றாவதும் நான்காவதும் டிராஃப்ட், ஃபைனல் இரண்டோடும் நின்றது. அந்தப் புதன்கிழமை நடந்தது அப்படியே. மற்ற மூன்று கம்ப்யூட்டரிலும் செய்தேன், மூன்றிலும் அதேதான். ஐந்தில் என்னுடையது ஒன்று மட்டும் வேறு மாதிரி. மேரி என் ஸ்கிரீனில் எதையோ திறந்து பார்த்துவிட்டு, "எக்கா, ஒங்களுக்கு மட்டும் வேற ஃபைல் மேனேஜர் போட்டிருக்கு. பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கு, ஆனா அழிச்சா பட்டை அடுத்ததுக்கு வந்துருது. போட்ட தேதியப் பாருங்க" என்றாள். அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள்.

அண்ணாச்சி உன்னை இனி வரவேண்டாம் என்று சொன்ன பிறகு, வியாழக்கிழமை காலையில் உன் சாமான்களை எடுக்க வந்தாயே, அப்போது செய்திருக்கிறாய். பழியை ஏற்றுக்கொண்டு, திட்டு வாங்கி, வேலையையும் இழந்துவிட்டு, போகிற போக்கில் என் விரலுக்குத் தகுந்த மாதிரி என் கம்ப்யூட்டரை மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். இனி அம்மா பார்க்காமல் அழித்தாலும் ஒன்றும் ஆகக்கூடாது என்று. பாட்டு ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர் விழுந்ததற்கு உன்னை எல்லோர் முன்னாலும் அடித்தவளுக்கு நீ செய்த காரியம் இது. நான் மேரியின் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாய்விட்டு அழுதேன். அண்ணாச்சி, "அன்னைக்கு அவன் முன்னால நான் பேசுனது பெரிய தப்புக்கா" என்றார்.

ஒன்று கேட்பாயா, அய்யா? நீ எனக்காக மாற்றி வைத்த அந்த வழி பதினாலு மாதம் சும்மா கிடந்தது. நீ சொல்லவில்லை, அதனால் நான் பயந்து பயந்து அதைத் தொடாமலே இருந்தேன். நான் சொல்லவில்லை, அதனால் நீ ஊரை விட்டுப் போனாய். உன் அப்பாவும் உன்னைப் போலத்தான். கல்யாணமான புதிதில் தினமும் நான் கேஸை மூடாமல் தூங்கிவிடுவேனாம், அவர்தான் எழுந்து மூடுவாராம். அவர் வெளியூர் போன ஒரு வாரத்தில்தான் எனக்கு அது தெரிந்தது, வீடு முழுக்க நாற்றம். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஷீபாவிடம் இப்படி இருக்காதே. அவள் தப்பு செய்தால் பின்னாலேயே போய்ச் சத்தமில்லாமல் சரிசெய்து வைக்காதே. அவளிடம் சொல், சண்டை வந்தால் வரட்டும், சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடுங்கள். ஷீபா, நீயும் கேட்டுக்கொள் தாயி, என்னைப் போல் இராதே. தப்பு உன்னுடையது என்று தெரிந்த சாயங்காலமே சொல்லிவிடு. மறுநாள் சொல்வது அதைவிடக் கஷ்டம், அதற்கு மறுநாள் இன்னும் கஷ்டம்.

அண்ணாச்சி நேற்றே உனக்குப் போன் போட நம்பர் கேட்டார். மற்ற மூன்று ஆபீஸ்காரர்களிடமும் அவரே பேசுகிறாராம், நீ திரும்பி வந்தால் ஐந்து கம்ப்யூட்டரும் உன் கையில்தானாம். வருவதும் வராததும் உன் விருப்பம், அதில் நான் வாய் வைக்க மாட்டேன். ஆனால் நம்பரை நான் கொடுக்கவில்லை. "மொதல்ல நான் பேசணும் அண்ணாச்சி, அதுக்கு அப்புறம் நீங்க" என்றேன். இந்தக் கடிதத்தை அடித்து முடித்து, மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீனைப் பார்த்துப் படித்துவிட்டேன், எல்லாம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூப்பிடுவேன். போனை எடு. சாப்பிட்டாயா என்று நான் கேட்க மாட்டேன், நீயும் கேட்டுப் பேச்சை மாற்றாதே. அன்றைக்கு நீ எனக்காக அண்ணாச்சியிடம் சொன்னதைத்தான் உன்னிடம் முதலில் சொல்லப்போகிறேன். என் தப்புதான்.

உன் அம்மா